முள்ளந்தண்டில் இடும் சீமெந்து

கல்முனை, மருதமுனை, நிந்தவூர்ப் பக்கங்களில் மூத்தம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தால், “நாரிப் பிடிப்புத்தான்” என்று எண்ணெய் தேய்த்துவிட்டு இருந்துவிடுகிறோம். முதுமையில் எலும்பு உள்ளே நொய்ந்துபோகிறது. அந்நிலையில், விழ வேண்டியதே இல்லை. ஒரு குடம் நீரைத் தூக்கினாலும் முள்ளந்தண்டின் எலும்பொன்று நசுங்கிவிடலாம். பெரும்பாலோர்க்கு ஓய்வும் மருந்தும் கொண்டு சில வாரங்களில் நோவு தணியும். தணியாதவர்க்கே சீமெந்து ஊசியின் பேச்சு எழுகிறது.

சீமெந்து என்றவுடன் மதில் கட்டும் பொருளோ என்று அஞ்ச வேண்டா. இது அக்கிரிலிக் வகைப் பிசின். 1984ஆம் ஆண்டில் பிரான்சின் அமியான் நகரில் கலிபேர், தெராமோன் என்னும் வைத்தியர்கள், இரத்தக்குழாய்க் கட்டி அரித்த கழுத்தெலும்பொன்றினுள் இதனை ஊசி வழியே செலுத்தினர். பின்னர் முதியோரின் நசுங்கிய எலும்புக்கும் அம்முறை பரவிற்று.

நசுங்கிய எலும்போ வெடித்த பானை போன்றது. அதனூடே நாளங்களும் ஓடுகின்றன. பிசின் நீர்த்திருக்கையில் செலுத்தினால் வெடிப்பு வழியாகவோ நாளத்தின் வழியாகவோ வெளியே கசிந்துவிடும். சிறு கசிவு பலரிடம் உண்டு. பெரும்பாலோர் அதனை உணர்வதேயில்லை. ஆனால் பின்புறம் கசிந்து முண்ணாணை நெரித்தால் கால்கள் செயலிழக்கலாம். நாளத்தோடு சென்று நுரையீரலை அடைந்தால் மூச்சுத் திணறலாம்.

ஆகவே வைத்தியரின் திறமை பொறுமையிலேயே இருக்கிறது. பற்பசையின் பதம் வரும்வரை காத்திருந்து, எக்ஸ் கதிர்த் திரையில் வைத்த கண்ணை எடுக்காமல், சிறிது சிறிதாகச் செலுத்த வேண்டும். பேரியம் உப்புக் கலந்திருப்பதால் பிசின் திரையில் தெளிவாகத் தெரியும். எலும்பின் பின்விளிம்பை அது நெருங்கும்போது நிறுத்திவிட வேண்டும். சில மில்லிலீற்றரே போதுமானது. (விருந்தில் சோறு போடுவதுபோல “இன்னும் கொஞ்சம்” என்பது இங்கு உதவாது!) சிலர் முதலில் சிறு பலூனை உள்ளே ஊதி இடம் செய்துகொள்வர், அதனாலும் கசிவு குறைகிறது.

2009இல் வெளியான இரு ஆய்வுகளில், சீமெந்து இட்டவர்க்கும் இட்டதுபோலப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்க்கும் நோவு ஏறக்குறைய ஒரே அளவிலேயே தணிந்தது. ஆதலின் மருந்துக்கும் அடங்காத நோவினால் படுக்கையைவிட்டு எழ முடியாதவர்க்கே இதனைக் கருதலாம் என்பது எமது எண்ணம்.

சிகிச்சை பெற்று வீடு வந்தவர் கால் விறைக்கிறது, சிறுநீர் போகவில்லை, மூச்சு முட்டுகிறது என்றால், விடியட்டும் என்று காத்திராது அவ்விரவே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். முண்ணாணை நெரிக்கும் சீமெந்தை விரைந்து அகற்றினால் கால்களைக் காக்க வழியுண்டு. நுரையீரலை அடைந்ததற்கு, இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுப்பர்.