பூட்டிய பெட்டியின் பயணம்

காலிமுகத் திடலிலே மாலை வேளையிற் காற்று வாங்கச் செல்வோர், வடக்கே துறைமுகத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தால், வானளாவி நிற்கும் பாரந்தூக்கிகளையும் அவற்றின் கீழே பல நிறங்களில் அடுக்கப்பட்டிருக்கும் இரும்புப் பெட்டிகளையும் காண்பார்கள். சிறுவர்களின் கண்களுக்கு அவை விளையாட்டுக் கட்டைகள் போலவே தோன்றும். ‘கொள்கலன்’ என்று ஏடுகளும் ‘கொன்டெயினர்’ என்று ஊராரும் வழங்கும் இப் பெட்டிகளினுள்ளேதான் நம் வீட்டுப் பருப்பும் பால்மாவும் பாடசாலைக் கடதாசியும் வந்து சேருகின்றன. நம் நாட்டுத் தேயிலையும் ஆடைகளும் அவற்றினுள்ளேதான் புறப்பட்டுச் செல்கின்றன. லொறியிலிருந்து புகையிரதத்துக்கும் புகையிரதத்திலிருந்து கப்பலுக்கும் மாறினாலும், உள்ளிருக்கும் பொருளை இடையில் எவரும் எடுத்து அடுக்குவதில்லை. அதுவே இம் முறையின் பெருமை. அதன் ஆபத்தும் அதுவே.

இம் முறை பிறந்த நாளைத் திட்டமாகவே கூறிவிடலாம். 1956ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26ஆம் திகதி, ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் பழைய எண்ணெய்க் கப்பலொன்று 58 பெட்டிகளைத் தன் மேற்றளத்திற் சுமந்துகொண்டு, அமெரிக்காவின் நியூவார்க் துறையிலிருந்து ஹூஸ்டன் நோக்கிப் புறப்பட்டது. அதனை அனுப்பியவர் மல்கம் மக்லீன் என்னும் லொறி முதலாளி. மூடை மூடையாகவும் பீப்பா பீப்பாவாகவும் தோளிலும் கயிற்றிலும் ஏற்றி இறக்கிய காலம் அன்றோடு முடியத் தொடங்கிற்று. தொன் ஒன்றுக்கு ஏறக்குறைய ஆறு டொலராக இருந்த ஏற்றுகூலி, அக் கப்பலிலே பதினாறு சதமாகக் குறைந்ததென்று கணக்கிட்டார்கள். துறைமுகத் தொழிலாளர் பலர் பிழைப்பிழந்ததும் இக் கதையின் ஒரு பகுதிதான்; அது தனியே எழுதப்படவேண்டியது.

மக்லீனின் பெயரை அறிந்தவர்களும், அவரிடம் பணிபுரிந்த கீத் டான்ட்லிங்கர் என்னும் பொறியியலாளரை அறிந்திருப்பது அரிது. பெட்டியின் மூலைகளிலே துவாரமிட்ட கனத்த வார்ப்புத் துண்டுகளைப் பொருத்தி, அத் துவாரத்தினுள் நுழைந்து கால் வட்டம் திரும்பிப் பிடித்துக்கொள்ளும் பூட்டை வகுத்தவர் அவரே. கதவுத் துவாரத்தில் இட்ட சாவியைத் திருப்பியபின் இழுத்தால் வராதல்லவா? அதே தத்துவந்தான். பாரந்தூக்கி பற்றுவதும் அம் மூலைகளையே. கப்பலிலும் லொறியிலும் பெட்டி பூட்டப்படுவதும் அம் மூலைகளிலேயே. முப்பது தொன் பாரம் அந்தரத்திலே தொங்கும்போது, அதனைத் தாங்குபவை கைக்கடங்கும் நான்கு இரும்புத் துண்டுகளே என்பதை எண்ணினால் சிறிது நடுக்கந்தான் உண்டாகும். கடலுப்பு அவற்றைத் துருப்பிடிக்கச் செய்யும். ஓயாத உரசல் தேய்க்கும். மயிரிழை போன்ற வெடிப்புகளும் தோன்றும். லொறிச் சாரதி நான்கு மூலைகளையும் சுற்றிவந்து பூட்டுகளைத் தானே பார்த்துக்கொள்ளவேண்டும். கொட்டும் மழையிலே மூன்றோடு நிறுத்திவிட்டு ஏறிக்கொள்ளும் ஆசை எவருக்கும் வரக்கூடியதே.

பெட்டியின் கதவிலே சிறிய உலோகத் தகடொன்று அறையப்பட்டிருக்கும். 1972இல் ஜெனீவாவிலே நிறைவேறி 1977இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கையின்படி, இத் தகடின்றிப் பெட்டி கடல் கடக்கலாகாது. அதிலே காணப்படும் எண்களுள் ஒன்றை மாணவர்கள் கவனிக்கவேண்டும். பல பெட்டிகளில் அது 192,000 கிலோகிராம் என்றிருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது பெட்டிகளை அடுக்கினால், அடியிலுள்ள பெட்டி எட்டினைச் சுமக்கிறது. ஒவ்வொன்றும் 24 தொன் எனக் கொண்டால் 192 தொன் வந்துவிடும். கடல் அலையிலே கப்பல் எழுந்து விழும்போது பாரம் பெருகுமாதலால், அதற்கும் இடம் வைத்தே இக் கணக்கு வகுக்கப்பட்டது. இவ்வளவு பாரத்தையும் தாங்குபவை நான்கு மூலைக் கம்பங்கள் மட்டுமே. சுவர்த் தகடுகள் அல்ல. ஆகவே சுவரிலே விழுந்த பள்ளத்தைவிடக் கம்பத்திலே விழுந்த சிறு வளைவு பயங்கரமானது.

புதிய பெட்டியை ஐந்து ஆண்டுகளுக்குள்ளும், பின்னர் முப்பது மாதங்களுக்கு ஒரு தடவையாவதும் சோதிப்பது பொது விதி. நிறுவனமே ஒப்புதல் பெற்ற ஒழுங்கின்கீழ் இடைவிடாது சோதித்து வருவதும் உண்டு. ஓட்டை தேடும் முறை மிக எளிது. ஒருவர் வெறும் பெட்டியினுள் நுழைவார். வெளியே நிற்பவர் கதவைச் சாத்துவார். இருளிலே எங்கேனும் ஊசிமுனையளவு வெளிச்சம் தெரிந்தால், அவ்வழியே மழைநீரும் வரும் என்பது தீர்ப்பு.

ஆனால், உள்ளே சரக்கிருக்கும் பெட்டியை இப்படிச் சோதிக்க முடியுமா? முடியாது. அனுப்புவோன் கொடுத்த கடதாசியை அடுத்தவன் நம்புகிறான். அவனை அதற்கடுத்தவன் நம்புகிறான். சரக்கு கைபடாமல் உலகைச் சுற்றுவது போலவே, ஒருவன் விட்ட குறையும் கைபடாமற் சுற்றுகிறது.

2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயிலே ‘எம்.எஸ்.சி. நாப்போலி’ என்னும் கப்பலின் உடல் புயலில் வெடித்தது. பின்னர் அதன் மேற்றளத்துப் பெட்டிகளை நிறுத்துப் பார்த்தபோது, ஐந்தில் ஒன்றின் உண்மைப் பாரம் கடதாசியிற் கண்டதிலிருந்து மூன்று தொன்னுக்கு மேல் வேறுபட்டிருந்தது. 2016 ஜூலை முதலாம் திகதி தொடக்கம், நிறை சரிபார்க்கப்படாத பெட்டியைக் கப்பலில் ஏற்றலாகாது என்று உலகச் சட்டம் வந்தது. இந்தச் சட்டத்துக்கு அறுபது ஆண்டுகள் காத்திருக்கவேண்டியிருந்தது என்பதுதான் வியப்பு.

புகையிரதப் பாதையில் நிகழ்ந்ததொன்று இதனினும் கொடியது. டென்மார்க் தேசத்திலே ‘ஸ்டோர பெல்ட்’ என்னும் நீரிணைக்கு மேலாக நீண்ட பாலமொன்று செல்கிறது. 2019 ஜனவரி 2ஆம் திகதி காலை, கடும் புயற்காற்றிலே பயணிகள் புகையிரதமொன்று அதன்மீது சென்றது. எதிரே சரக்குப் புகையிரதம் வந்தது. அதிலே லொறிகளின் பின்னால் இழுக்கப்படும் ட்ரெயிலர்கள் ஏற்றப்பட்டிருந்தன. ட்ரெயிலரின் முன்பக்க அடியில் இரண்டங்குலத் தடிப்புள்ள இரும்பு முளையொன்று உண்டு. புகையிரத வண்டியிலுள்ள பூட்டு அம் முளையைக் கவ்விக்கொள்ளவேண்டும். அன்று ஒரு ட்ரெயிலரின் முளை கவ்வப்படவில்லை. அகன்ற அதன் பக்கத்தைக் காற்று பாய்போல் விரித்துத் தள்ளிற்று. எதிரே வந்த பயணிகள் வண்டி அதன்மீது மோதியது. எட்டுப் பேர் மாண்டனர்.

விசாரணையாளர் அப் பூட்டை ஆராய்ந்தபோது, பராமரிப்பும் மசகிடலும் போதாமையால் அது தடையின்றி இயங்கவில்லை என்று கண்டனர். எட்டு உயிர்கள். ஒரு சிறங்கை கிறீஸ். இவ் விரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க மனம் ஒப்பவில்லை. வண்டியை ஏற்றியவர்களின் பார்வைக்குப் பூட்டு அதன் இடத்திலேதான் இருந்தது. இருப்பது வேறு, பூட்டியிருப்பது வேறு.

நமது கடலுக்கும் இக் கதை வந்தது. ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பல் 2021ஆம் ஆண்டிலேதான் கட்டி முடிக்கப்பட்டது; அதன் பூட்டுகளிலே துருவேற நேரமிருக்கவில்லை. அது சுமந்துவந்த 1,486 பெட்டிகளுள் சிலவற்றிலே 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. விறகு, வைக்கோல், துணி போன்றவற்றோடு சேர்ந்தால் அவற்றைத் தானே பற்றவைக்கும் வல்லமை செறிந்த நைத்திரிக் அமிலத்துக்கு உண்டு என்பதை இரசாயனம் பயிலும் மாணவர் அறிவர். ஒரு பெட்டியிலிருந்து அமிலம் கசிவதை மாலுமிகள் மே மாதம் 11ஆம் திகதியளவிற் கண்டனர். கட்டார் நாட்டின் ஹமாத் துறையிலும் இந்தியாவின் ஹசீரா துறையிலும் அப் பெட்டியை இறக்கிவிடக் கேட்டனர். இரண்டு இடங்களிலும் அது இறக்கப்படவில்லை. கசியும் பெட்டியோடு கப்பல் கொழும்புக்கு அப்பால் வந்து நங்கூரமிட்டது. மே 20ஆம் திகதி புகை கிளம்பிற்று. அமிலக் கசிவே தீக்குக் காரணமென்று அதிகாரிகள் கருதினர். 25 மாலுமிகளும் உயிர் தப்பினர். கப்பல் பல நாள் எரிந்து, ஜூன் மாதத்திலே கடலின் அடியில் அமர்ந்தது.

அமிலத்தோடு பயணஞ்செய்த மற்றப் பெட்டிகளிலே ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. பருப்பளவினவான அம் மணிகள் மேற்குக் கரையெங்கும் வெண்பனிபோல் ஒதுங்கின. நீர்கொழும்பு மீனவரின் வள்ளங்கள் கரையிலே கிடந்தன. செத்த ஆமைகள் அலையோடு வந்தன. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலரை நட்டஈடாகச் செலுத்துமாறு தீர்ப்பளித்தது. கடற்படையினரும் தொண்டர்களும் அரிதட்டுகளுடன் குனிந்திருந்து மணலைச் சலித்த காட்சியை, அந் நாட்களிற் கரையோரம் சென்ற எவரும் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு பிடி மணலை அள்ளினால், அதில் எண்ணக்கூடிய மணிகள் அன்று எத்தனையோ இருந்தன.