மலைச்சரிவில் மோட்டார் சைக்கிள்: நிறுத்துவதும் கிளப்புவதும்

மோட்டார் சைக்கிள் விபத்து என்றவுடன் வேகத்தைப் பற்றியே நாம் பேசத் தொடங்குகிறோம். ஓடும் வண்டியால் வரும் ஆபத்துக்கள் பெரியவைதாம். பொலிசாரும் பத்திரிகைகளும் அவற்றைக் குறித்து ஓயாது எச்சரித்து வருகின்றனர். ஆனால் ஓடாமல் நிற்கும் வண்டியாலும், ஓடத் தொடங்கும் அந்த அரை நிமிடத்தாலும் விளையும் துன்பங்கள் அதிகம் பேசப்படுவதில்லை. சமதரையில் வாழ்வோருக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாதிருக்கலாம். மலைநாட்டில், அதிலும் நோட்டன் பிரிட்ஜ் போன்ற இடத்தில், நிலைமை வேறு.

இவ்வூரைக் கண்டிராத நேயர்களுக்காகச் சில வார்த்தைகள். ஹட்டனிலிருந்தும் கினிகத்தேனையிலிருந்தும் வரும் பாதைகள் இங்கே கூடுகின்றன. கெசல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய அணையும், 1965ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையமும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். பாதையின் ஒரு புறம் வெட்டிய மண்மேடு, மறுபுறம் பள்ளம். நடுவே பஸ் வண்டியும் லொறியும் முச்சக்கர வண்டியும் போகவேண்டும். ஒரு வண்டியை நிறுத்துவதற்கு ஆறடிச் சமநிலம் கிடைத்தால் அதுவே பாக்கியம்.

நோட்டன் என்பது மோட்டார் சைக்கிள் பிரியர்களுக்கு வேறொரு விதத்திலும் பழகிய பெயர். 1898ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஜேம்ஸ் நோட்டன் என்பார் தொடங்கிய கம்பனியின் வண்டிகள் பந்தயங்களில் பெரும்புகழ் ஈட்டின. பெயர்ப் பொருத்தம் வேடிக்கையானதுதான்! ஆயினும் இன்று இவ்வூர்ப் பாதைகளில் ஓடுபவை பெரும்பாலும் இந்தியாவிலும் ஜப்பானிலும் பிறந்த கம்பனிகளின் வண்டிகளே. அவற்றுள் பழையவை பல. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் சில ஆண்டுகள் புது வண்டி வாங்குவது அரிதாகிவிட்டபடியால், இருந்ததையே பழுதுபார்த்து ஓட்டவேண்டியதாயிற்று. ஆகவே ஸ்டாண்டின் சுருள்வில் தளர்ந்த வண்டியும், பிறேக் தேய்ந்த வண்டியும் நம்மிடையே இருக்கின்றன என்பதை மனத்திற்கொண்டே மேலே செல்வோம்.

வண்டியின் இடப்புறத்தில் இருக்கும் சைட் ஸ்டாண்ட், முன்னோக்கித் தள்ளினால் விரியும். பின்னோக்கித் தள்ளினால் மடங்கும். இந்தச் சிறு உண்மையை மறப்பதனாலேயே பல வண்டிகள் விழுகின்றன. பள்ளத்தை நோக்கி நிறுத்திய வண்டி ஓரங்குலம் முன்னே உருண்டாலும் ஸ்டாண்ட் மடங்கத் தொடங்கும். மேட்டை நோக்கி நிறுத்தினாலோ, வண்டி பின்னே சரியும்போது ஸ்டாண்ட் மேலும் நன்றாக விரிந்து ஊன்றிக்கொள்ளும். ஆதலின் சரிவில் வண்டியின் முகம் எப்பொழுதும் மேட்டைப் பார்க்கட்டும். இறங்கும் வழியில் போகிறவர் சற்றுச் சிரமப்பட்டேனும் வண்டியைத் திருப்பி நிறுத்துவதே நல்லது.

அத்துடன், எஞ்சினை நிறுத்தியபின் முதலாம் கியரிலே போட்டுக் கிளட்சை விட்டுவிடவேண்டும். அப்பொழுது எஞ்சினின் உள்ளழுத்தமே பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்லை அணைகொடுப்பதும் பழைய லொறிக்காரர் வழக்கந்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் புறப்படும்போது அந்தக் கல்லைப் பாதையிலே விட்டுப் போகிறவர்களை நாம் மன்னிக்க மாட்டோம்! இருட்டிலும் மூடுபனியிலும் அடுத்து வருபவனை வீழ்த்தும் கல் அது.

பாதையின் ஓரம் பெரும்பாலும் கானை நோக்கிச் சாய்ந்திருக்கும். இடப்பக்கம் தாழ்ந்த தரையில் சைட் ஸ்டாண்ட் போட்டால் வண்டி அளவுக்குமேல் சாய்ந்துவிடும்; தூக்கி நிமிர்த்துவதே பெரும்பாடு. இடப்பக்கம் உயர்ந்த தரையிலோ வண்டி ஏறக்குறைய நேராக நிற்கும். ஒரு பஸ் உரசிப் போகும் காற்றோ, ஒரு சிறுவனின் கையோ போதும், வலப்பக்கமாக விழுந்துவிட. நடு ஸ்டாண்ட் சமதரைக்கு ஏற்றது, சரிவுக்கு ஏற்றதன்று. பள்ளத்தை நோக்கிய வண்டி அதிலிருந்து தானே இறங்கி ஓடிவிடும்.

மே மாதம் முதல் செப்டெம்பர் வரை இப்பகுதியிற் பெய்யும் தென்மேற்குப் பருவ மழை தரையைச் சேறாக்குகிறது. காலையில் உறுதியாக ஊன்றிய ஸ்டாண்ட் மாலைக்குள் மண்ணிற் புதைந்து வண்டி படுத்துவிடும். ஒரு தட்டைக் கல், ஒரு பலகைத் துண்டு ஸ்டாண்டின் கீழே இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மழைக்கு ஒதுங்கும் எண்ணத்துடன் மண்மேட்டின் அடியில் நிற்பது இன்னும் கொடிது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாட்களில் அவ்விடத்தில் வண்டியையும் வைக்கலாகாது, நாமும் நிற்கலாகாது.

இவையெல்லாம் வண்டி விழுவது பற்றியவை. வீடு எரிவது பற்றி இனிச் சொல்லவேண்டும்.

தோட்டத்து லயன்களில் வாழ்வோர் பலர் இரவில் வண்டியை இஸ்தோப்பிலோ, இடம் போதாதபோது அறைக்குள்ளேயோ ஏற்றி வைக்கிறார்கள். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. தவணை கட்டி வாங்கிய வண்டி. வெளியே மழை, திருடர் பயம். ஆனால் அந்த அறை எத்தகையது? பத்தடிக்குப் பன்னிரண்டடியளவான இடத்திலே படுக்கை, பிள்ளைகளின் புத்தகங்கள்; அருகிலே விறகடுப்பு, சாமிவிளக்கு. அங்கே பெற்றோல் நிறைந்த தாங்கியொன்று வந்து நிற்கிறது.

பெற்றோல் எரிவதற்கு முன் ஆவியாகிறது. அந்த ஆவியே முதலில் தீப்பற்றுகிறது. பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் அளவான குளிரிலுங்கூட அது தீப்பற்றத்தக்க ஆவியை எழுப்பும். எனவே ‘நமது ஊர்க் குளிரில் ஒன்றும் ஆகாது’ என்பது வீண் நம்பிக்கை. மேலும் அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. மேலே எழுந்து கூரை வழியே போய்விடாது. தரையோடு தவழ்ந்து அடுப்படிக்குச் செல்லும். காபரேற்றரில் ஒரு சிறு கசிவு இருந்தாற் போதும். லயனிலோ ஒரே தகரக் கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள். ஓர் அறையிற் பிடித்த தீ வரிசை முழுவதையும் கொண்டுபோய்விட, குடும்பங்கள் பாடசாலையிலும் கோவிலிலும் தங்கவைக்கப்பட்ட செய்திகளை நாம் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்!

பெற்றோலும் நெருப்பும் அருகருகே இருக்கலாகாது என்பதை மோட்டார் சைக்கிளின் பிறப்பே காட்டியது எனலாம். 1885ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கொட்லீப் டைம்லர் செய்த மரச்சட்ட வண்டியின் ஆசனத்துக்கு நேர்கீழே நெருப்பாற் சுடவைக்கப்பட்ட குழாய் ஒன்று இருந்தது. பரீட்சார்த்த ஓட்டத்தின்போது ஆசனமே தீப்பற்றிக்கொண்டதாம்.

2022ஆம் ஆண்டின் எரிபொருள்தட்டுப்பாடு நம்மிடம் இன்னொரு வழக்கத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது. அனுமதிப் பத்திர முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் மாத்திரமே கிடைத்தது. அக்காலத்திற் கிடைத்ததைப் போத்தலிலும் பிளாஸ்டிக் கலத்திலும் ஊற்றிக் கட்டிலின் கீழே வைத்தவர்கள் பலர். தட்டுப்பாடு தீர்ந்தபின்னும் அப்போத்தல் சில வீடுகளிலிருந்து போகவில்லை. இன்றே அதை வெளியேற்றுதல் வேண்டும்.

வண்டியை வீட்டுக்கு அருகில் வைத்தே ஆகவேண்டுமென்றால், எஞ்சின் நன்கு ஆறியபின், அடுப்புக்கு எதிர்ப்புறத்து இஸ்தோப்பில், பெற்றோல் திறப்பை மூடி வைப்பது ஓரளவு நலம். தறப்பாள் போர்த்துச் சங்கிலியிட்டு வெளியில் வைப்பது அதனினும் நலம். ஒவ்வொரு லயனுக்கும் சற்றுத் தள்ளி, பூட்டுடன் ஒரு தகரக் கொட்டகை அமைத்துக் கொடுத்தல் தோட்ட நிர்வாகங்களுக்கு ஆகாத காரியமா? எரிந்த லயனைத் திரும்பக் கட்டும் செலவுடன் ஒப்பிட்டால் அது அற்பம்.

காலையில் கிளப்புவதற்கு வருவோம். வீட்டுக்குள் எஞ்சினை இயக்கவே கூடாது. புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குகிற குழந்தை உறங்கியபடியே மயங்கும். வண்டியை வெளியே உருட்டி, கியர் நியூட்ரலில் இருப்பதைப் பச்சை விளக்கால் மட்டுமன்றி, வண்டியை முன்பின் அசைத்தும் பார்க்கவேண்டும். பழைய வண்டியில் அவ்விளக்கு பொய்சொல்வதுண்டு. கிளட்சைப் பிடித்தபடியே கிளப்புவது மேலும் ஒரு காப்பு.

குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் தேவை. சூடேறியதும் அதை மூடிவிடவேண்டும். உதைத்துக் கிளப்பும் வண்டியாயின், நெம்பை முதலில் மெல்ல அழுத்தி, எஞ்சின் எதிர்க்கும் இடத்தை உணர்ந்து, சற்று மேலேற விட்டு, பின்னர் ஒரே மூச்சில் உதைத்தல் முறை. அரை மனத்தோடு உதைத்தால் நெம்பு திருப்பி அடிக்கும். மழையில் நனைந்த ரப்பர்ச் செருப்புடன் உதைப்போரின் கணுக்காலுக்கு நாம் உறுதிசொல்ல இயலாது. பலமுறை உதைத்தும் கிளம்பாமற் பெற்றோல் மணம் வீசினால் எஞ்சின் நனைந்துவிட்டது என்று பொருள். சோக்கை மூடி, அக்சிலேற்றரை முழுதும் திறந்து உதைத்தாற் சரியாகும். அவ்வேளையில் தீப்பெட்டி வெளிச்சத்தில் எஞ்சினைக் குனிந்து பார்க்கும் அறிவாளிகளும் உளர்!

புறப்படுமுன் ஸ்டாண்ட் மடங்கியதா என்று கையாலோ காலாலோ தொட்டுப் பார்க்கவேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்ட் விரிந்திருந்தால் எஞ்சின் தானே நின்றுவிடும். பழையவற்றில் அந்த வசதி இல்லை. நேர்ப்பாதையில் ஒன்றும் தெரியாது. இடப்பக்க வளைவிலே வண்டி சாயும்போதுதான் ஸ்டாண்ட் தரையில் முட்டி ஆளைத் தூக்கி எறியும். நோட்டன் பிரிட்ஜிலிருந்து எத்திசை போனாலும் முதல் வளைவு தொலைவில் இல்லை.

பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்வோர், ஸ்டாண்டை மடக்கி இரு காலும் ஊன்றியபின்னரே, இடப்பக்கமாக அவர்களை ஏறச்சொல்லவேண்டும். சைலன்சர் பெரும்பாலான வண்டிகளில் வலப்பக்கத்தில் இருக்கிறது. குட்டைக் காற்சட்டை அணிந்த சிறுவர்களின் கால்களில் அது பதித்த தழும்புகள் ஊருக்கு ஊர் உண்டு. சுட்டுவிட்டால் பற்பசையையும் எண்ணெயையும் தேடி ஓடாமல், உடனே 20 நிமிட நேரம் ஓடும் குளிர்நீரில் காலைப் பிடிக்கவேண்டும். பின்னர் சுத்தமான துணியால் மூடி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லலாம். குளிர்நீருக்கு நமது மலைநாட்டிற் பஞ்சமில்லை.