மார்கழி இசைப் பதிவுகளும் அட்டவணைவழிப் படத்தொகுப்பும்

தென்சென்னையில் மார்கழித் திங்கள் இசைத் திங்களாகவே கருதப்படுகின்றது. 1927ஆம் ஆண்டு சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டையொட்டி நிகழ்ந்த அனைத்திந்திய இசை மாநாட்டின் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. மயிலாப்பூர், ஆழ்வார்ப்பேட்டை, தியாகராய நகர் முதலிய பகுதிகளின் சபைகள் பலவும் தத்தம் அரங்குகளில் கச்சேரிகள் நிகழ்த்த, விழா விரிவு பெற்றது. 2020இல் கொள்ளைநோய் பரவிய காலத்து அவையோர் கூடுதல் அரிதாயிற்று. கச்சேரிகள் பல ஒளிப்பதிவு செய்யப்பெற்று இணையத்தின்வழி வழங்கப்பட்டன. அரங்கிலே கேட்டு மறையும் இசை, இவ்வாறு பெயரும் குறிப்பும் தாங்கிய ஆவணமாக நிலைபெறலாயிற்று. அக்குறிப்புகள் திரையில் எழுதப்படும் முறையையும், அதன்கண் தமிழாய்வாளர்க்கு உள்ள பொறுப்பையும் ஈண்டு ஆராய்வாம்.

படத்தொகுப்பாளரின் பணியை முதற்கண் நோக்குவோம். கச்சேரிப் பதிவைப் பாடல்வாரியாகப் பிரித்தல் வேண்டும். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் பாடல், இராகம், தாளம், இயற்றியவர் ஆகிய நான்கையும் திரையின் அடியில் எழுதிக் காட்டல் வேண்டும். ஒரு விழாவில் 30 கச்சேரிகள், கச்சேரிக்கு 8 உருப்படிகள் எனக் கொண்டால் 240 பகுதிகள் ஆகும். ஒன்றிற்கு 5 நிமிடமே செலவாயினும் 20 மணி நேரம் வேண்டப்படும். இப்பணியில் எழுத்தின் அளவும் வண்ணமும் இடமும் மாறுவதில்லை. சொற்களும் நேரங்களுமே மாறுகின்றன. மாறாதவற்றை ஒருமுறை வரையறுத்து, மாறுவனவற்றை அட்டவணையில் அமைத்துவிடின், எஞ்சியதைக் கணினி தானே முடிக்கும் என்பது இம்முறையின் அடிப்படையாகும்.

செய்முறை எளிது. எக்செல் போன்ற விரிதாளில் ஒரு பாடலுக்கு ஒரு வரிசை வகுக்கப்படும். கோப்பின் பெயர், தொடக்க நேரம், முடிவு நேரம், பாடல், இராகம், தாளம், இயற்றியவர் என்பன அவ்வரிசையின் கட்டங்கள். பைதான் முதலிய கணினி மொழியில் எழுதிய நிரல், அவ்வட்டவணையை வரிசை வரிசையாகப் படிக்கும். எஃப்எஃப்எம்பெக் என்னும் கட்டற்ற மென்பொருளை ஏவும். அம்மென்பொருள் குறித்த இடத்தில் வெட்டி, எழுத்தைப் பொறித்துப் புதிய கோப்பாகச் சேமிக்கும். எனினும் ஆலாபனை எங்குத் தொடங்கிற்று, பாடல் எங்கு முடிந்தது என்பதை இந்நிரல் அறியாது. நேரக் கட்டங்களை நிரப்புதற்கு இசையறிந்த செவி ஒன்று வேண்டும்.

இனி, இம்முறையில் நேரும் பிழைகளைக் காண்போம். அவற்றுட் சில பொதுவானவை. 1:05 என ஒரு நிமிடம் ஐந்து நொடியைக் குறித்தால், விரிதாள் அதனை ஒரு மணி ஐந்து நிமிடமாகக் கொள்ளும். காற்புள்ளியாற் கட்டங்களைப் பிரிக்கும் கோப்பில், பாடலின் முதலடியிலேயே காற்புள்ளி இருந்து அது மேற்கோட்குறிக்குள் அடங்காதாயின், கட்டங்கள் இடம்பெயர்ந்து இராகத்தின் இடத்தில் பாடலின் எச்சம் வந்து நிற்கும்.

தமிழுக்கே உரிய பிழைகள் வேறு. ‘தோடி’ என்பதன் முதலெழுத்தில் ஓகாரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரு கூறாகவும் எழுதலாம். ‘கௌளை’ என்னும் இராகப் பெயரில் ஔகாரக் குறியின் பிற்பகுதிக்கு ஈடாக ளகரத்தையே தட்டச்சு செய்வாரும் உளர். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவ்வடிவங்கள், நேர்செய்யப்படாதவழி, கணினிக்கு வெவ்வேறு சொற்களே. எழுத்தைத் திரையில் வரைதலிலும் இடர்ப்பாடு இருந்தது. எகர ஏகாரக் குறிகள் ஒருங்குறியில் மெய்க்குப் பின்னும் எழுத்தில் மெய்க்கு முன்னும் நிற்பன. இவற்றை இடமாற்றி வரையும் ஹார்ஃப்பஸ் என்னும் துணைத்தொகுதியை எஃப்எஃப்எம்பெக்கின் எழுத்திடும் கூறு 2023இல் வெளிவந்த 6.1ஆம் பதிப்பிலேதான் பெற்றது.

இவற்றினும் அரிதில் தீர்வது பெயர் பற்றிய சிக்கல். சண்முகப்பிரியா, ஷண்முகப்பிரியா, ஷண்முகப்ரியா என ஓர் இராகமே மூவகையாக எழுதப்படுகின்றது. மயிலாப்பூரில் வாழ்ந்து கபாலீசுவரர் மீதும் கற்பகாம்பாள் மீதும் பாடல்கள் பல இயற்றிய பாபநாசம் சிவனின் இயற்பெயர் இராமையா. பாடல்களில் அவர் வைத்த முத்திரை ‘இராமதாசன்’. முத்திரையை மட்டும் கண்டார் ஒருவர் அதனையே ‘இயற்றியவர்’ கட்டத்தில் எழுதுவாராயின், ஒருவரே இருவராவர். எவ்வடிவம் ஏற்புடைத்து என்பதை நிரலெழுதுவோர் முடிவு செய்தல் இயலாது. அது பதிப்பாசிரியர் பணி.

ஈண்டு ஏட்டுச் சுவடிகளை நினைவுகூர்தல் தகும். ஏடெழுதுவோர் பிழை செய்தனர். ஆயின் பெரும்பாலும் ஒருவர் பிழைத்த இடத்தில் மற்றவர் பிழைத்திலர். அதனாலன்றோ உ. வே. சாமிநாதையர் போன்ற பெருமக்கள் பல படிகளை ஒப்புநோக்கி நற்பாடம் கண்டனர். அவர்தம் சுவடிகளையும் நூல்களையும் கொண்டு 1943இல் அடையாற்றில் நிறுவப்பெற்ற நூல்நிலையம் அவ்வுழைப்பிற்குச் சான்றாக நிற்கின்றது. கணினிப் படிகளோ முழுதும் ஒத்திருப்பன. கட்டமொன்றில் ஆசிரியர் பெயர் தவறினால், அதனின்று எடுத்த பதிவுகள் அனைத்தும் ஒருமுகமாகத் தவறும். பின்வரும் ஆய்வாளர் அவ்வொருமையையே மெய்ம்மைக்குச் சான்றாகக் கொள்வர். ஒரே மூலத்தினின்று பிறந்த படிகள் ஒத்திருத்தல் பாடத்தின் உண்மைக்குச் சான்றாகாது என்னும் பதிப்பியல் நெறி இங்கும் பொருந்துகின்றது.

இயந்திரம் பிழையைக் குறைக்கும் என்பாரும் உளர். கைசோர்வால் அங்கங்கே நேரும் பிழைகள் குறையும் என்பது உண்மையே. ஒரு கட்டத்தைத் திருத்தி நிரலை மீண்டும் இயக்கினால் பகுதிகள் அனைத்தும் திருந்தும் என்பதும் ஏட்டுக்கு இல்லாத நன்மையாகும். ஆயின் ஏற்கெனவே பரவிய படிகளை அத்திருத்தம் சென்று தொடாது. ஆதலின் நிரலை இயக்குமுன் அட்டவணையை ஆராய்தல் வேண்டும். இராகப் பெயர்க்கும் ஆசிரியர் பெயர்க்கும் ஒரு வடிவமே வகுத்துக்கொள்ளுதல், ஒவ்வொரு வரிசைக்கும் ‘ஆதாரம்’ என ஒரு கட்டம் சேர்த்தல், ஐயமுள்ளவிடத்து அதனை வெளிப்படக் குறித்தல், திருத்திய நாளைப் பதிதல் ஆகிய நான்கும் இன்றியமையாதன. பதிவுகளோடு அட்டவணையையும் காத்தல் வேண்டும். பின்னாளில் மூலமெனக் கொள்ளத் தக்கது அதுவே.

இயந்திரத்தால் மிச்சமாகும் 20 மணி நேரத்தில் ஒரு பகுதியையேனும் இவ்வாராய்ச்சிக்கு அளித்தல் முறை. அங்ஙனம் அளிப்பின், இசைவாணர் பாடிய பாட்டும், அதனை இயற்றியவர் பெயரும் பிரியாது நிலைக்கும்.