கொள்முதல் வேலைக்கு நேர்முகத் தேர்வு

நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் பட்டம் பெற்று, ஆலைகளிலும் சங்கங்களிலும் கொள்முதல் பிரிவு வேலைக்கு மனுச் செய்து வருகின்றனர். நேர்முகத் தேர்வில் பாடப்புத்தக விளக்கங்களை ஒப்பித்துவிட்டு ஏமாற்றத்துடன் திரும்புவோரும் உளர். பிறர் பணத்தைக் கொண்டு சரக்கு வாங்கும் பொறுப்பை இவரிடம் ஒப்படைக்கலாமா என்பதே தேர்வாளர் அறிய விரும்புவது.

முதலாவது, சரக்கை அறிதல் வேண்டும். ஒவ்வொன்றும் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் 40 சேர்ந்து ஒரு ராத்தல், அதாவது சுமார் 454 கிராம், எடை நின்றால் அது 40-ஆம் நம்பர் நூல். பருத்தி நூலின் உலர்ந்த எடையில் 8.5 சதவீதம் ஈரம் இருப்பதை வாணிபம் ஏற்கும். அதற்கு மிஞ்சினால் நாம் தண்ணீரை நூல் விலைக்கு வாங்கியவர்களாவோம்.

இரண்டாவது, விலைப்புள்ளிகளை ஒப்பிடுதல். உதாரணமாக, ஓர் ஆலை கிலோ 300 ரூபாய் என்கிறது. வண்டிச் சத்தம் கிலோவுக்கு 4 ரூபாய் தனி. கழிவு 100 கிலோவுக்கு 4 கிலோ. மற்றோர் ஆலை கிலோ 306 ரூபாய்க்குச் சங்கத்திலேயே இறக்கித் தருகிறது. கழிவு 1 கிலோ. முன்னதில் 30,400 ரூபாய்க்குப் பயன்படும் நூல் 96 கிலோ. கிலோ அடக்கம் ஏறத்தாழ 316 ரூபாய் 67 காசு. பின்னதில் 30,600 ரூபாய்க்கு 99 கிலோ. அடக்கம் 309 ரூபாய் 9 காசு. குறைந்த விலை கேட்டவரிடம் வாங்கினால் நட்டமே மிஞ்சும். இக்கணக்கைத் தேர்வாளர் முன் தாளில் போட்டுக் காட்டுவோர் பாதித் தேர்வை வென்றவராவர்.

மூன்றாவது, காலம். நாளொன்றுக்கு 20 கிலோ செலவாகி, சரக்கு வந்து சேர 15 நாள் ஆகுமெனில், கையிருப்பு 300 கிலோவுக்கு இறங்குமுன்பே உத்தரவு அனுப்புதல் வேண்டும். நூல் தாமதித்தால் தறி நிற்கும். தறி நின்றால் நெசவாளியின் கூலியும் நிற்கும்.

“ஏஜெண்டு பரிசு கொண்டுவந்தால் என்ன செய்வீர்?” என்ற கேள்வியும் வரக்கூடும். திருப்பியனுப்பி, மேலதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிப்பேன் என்பதே தக்க விடை.

ஆகவே, தேர்வுக்குச் செல்லுமுன் காரியதரிசியின் அனுமதியுடன் நம் சங்கத்தின் பழைய கொள்முதல் கணக்கு ஒன்றை எடுத்து இவ்வாறு போட்டுப் பார்ப்பது நலம். பிள்ளைகளுக்கு அது பயிற்சி. சங்கத்துக்கு அது தணிக்கையுமாகும்.