கரையோரம் – 9: லொங்காங் ஆறான கதை

சிங்கப்பூரில் பொழுது விடிய ஏழு மணி ஆகிவிடும். ஆறே முக்காலுக்கு அங் மோ கியோ அவென்யூ 1 ஓரத்தில் போய் நின்றபோது தெருவிளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. சாலைக்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாக வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள். ஒரு சில சமையலறைகளில் மட்டும் வெளிச்சம். இந்தப் பக்கம் புல்வெளி சரிந்து இறங்குகிறது. அதன் அடியில், கண்ணுக்குத் தெரியாமல், கல்லில் மோதி ஓடும் தண்ணீரின் சத்தம்.

அதுதான் காலாங் ஆறு. லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் புறப்பட்டு மரினா நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. மொத்தம் 10 கிலோமீட்டர்தான். ஆனாலும் சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு இதுவே. பீஷான், அங் மோ கியோ என்ற இரண்டு குடியிருப்புப் பேட்டைகளுக்கு நடுவே 62 ஹெக்டேர் பூங்காவுக்குள் அது வளைந்து வளைந்து போகும் 3 கிலோமீட்டரைத்தான் இந்த வாரம் நடக்கப்போகிறோம்.

கொஞ்சம் வெளுத்ததும் கீழே இறங்கினேன். வேலி இல்லை, கைப்பிடிச் சுவர் இல்லை. புல் முடியும் இடத்தில் கல், கல் முடியும் இடத்தில் தண்ணீர். ஆற்றைக் கடக்கப் பெரிய பெரிய கற்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். நடுக்கல்லில் நின்றால் கணுக்காலுக்குக் கீழே சின்னச் சின்ன மீன்கள் எதிர்நீச்சல் போடுவது தெரிகிறது.

அங்கே நடைப்பயிற்சிக்கு வந்திருந்த ஒரு தமிழர், நான் குனிந்து பார்ப்பதைக் கண்டு நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இந்த வட்டாரத்திலேயே வளர்ந்தவர்.

"ஊருலேர்ந்து வந்திருக்கீங்களா, தம்பி? இப்ப ஆறுன்னு சொல்றாங்க. எங்களுக்கு இது லொங்காங்."

"அப்படின்னா என்னண்ணே?"

"சாக்கடை வாய்க்கால். மலாய்ச் சொல்லு. ரெண்டு பக்கமும் சிமெண்டுச் சுவரு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இறங்கி, போத்தல்ல கப்பி மீன் பிடிப்போம். அம்மாவுக்குத் தெரிஞ்சா ரோத்தான்தான், பிரம்படி."

அவர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. 1988இல் இந்தப் பூங்கா திறக்கப்பட்டபோது அதன் ஓரமாக ஓடியது நேர்க்கோடாக வெட்டிய கான்கிரீட் கால்வாய். மழைநீரை எவ்வளவு சீக்கிரம் கடலுக்குத் தள்ளுகிறோமோ அவ்வளவு நல்லது என்பதுதான் அன்றைய கணக்கு. கால்வாயின் நீளம் 2.7 கிலோமீட்டர். ஒரு பக்கம் பூங்கா, ஒரு பக்கம் வீடுகள், நடுவில் யாரும் நெருங்காத வாய்க்கால்.

காலப்போக்கில் கால்வாயைப் புதுப்பிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. இன்னும் பெரிய கால்வாயாகவே கட்டியிருக்கலாம். ஆனால் அதற்குள் 2006இல் பொதுப் பயனீட்டுக் கழகம், நீர்நிலைகளை மக்களுக்கு நெருக்கமாக்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்துகொள்ள, 2009இல் வேலை ஆரம்பமானது. 2012 மார்ச்சில் புதிய பூங்கா திறக்கப்பட்டது.

செய்தது என்ன? கான்கிரீட்டை உடைத்தார்கள். ஆற்றைப் பூங்காவுக்குள் திருப்பி வளைவுகள் கொடுத்தார்கள், 2.7 கிலோமீட்டர் 3 கிலோமீட்டர் ஆனது. பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர். இன்று பெருமழையில் ஆறு கிட்டத்தட்ட 100 மீட்டர் வரை விரிய இடம் இருக்கிறது. காலையில் பிள்ளைகள் பட்டம் விடும் புல்வெளிதான் வெள்ளத்தன்று ஆற்றுப்படுகை. என்னைக் கேட்டால், இந்தப் பூங்காவின் மொத்த அறிவும் இந்த ஒரு ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது.

கரைக்குக் கிட்டே போய் உட்கார்ந்து பாருங்கள். பாறைகளின் இடுக்கில் வேர் ஓடியிருக்கிறது. உயிருள்ள கிளைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிப் புதைத்திருக்கிறார்கள். அவை துளிர்த்து, வேர்விட்டு, மண்ணைப் பிடித்துக்கொண்டன. நம் ஊரில் வாய்க்கால் கரையில் நொச்சி வைப்பார்களே, அதே அறிவுதான். ஆனால் எடுத்த எடுப்பில் இறங்கிவிடவில்லை. முதலில் 60 மீட்டர் நீளமுள்ள ஒரு வடிகாலில் 10 முறைகளைப் பரீட்சித்துப் பார்த்து, அதில் தேறியவற்றைத்தான் ஆற்றுக்குக் கொண்டுவந்தார்கள். உடைத்த கான்கிரீட் பாளங்களும் வீணாகவில்லை. அவற்றை அடுக்கி ஒரு குன்றே எழுப்பியிருக்கிறார்கள். ஏறி நின்றால் ஆற்றின் வளைவு முழுதும் தெரிகிறது.

மேற்கே குளங்கள் உள்ள பகுதியில் படிப்படியாக இறங்கும் பாத்திகளில் சம்பங்கோரையும் வேறு நீர்ச்செடிகளும் அடர்ந்திருக்கின்றன. தண்ணீர் அந்த வேர்களுக்குள் நுழைந்து, அழுக்கை விட்டுவிட்டு வெளியே வருகிறது.

ஏழரை மணிக்கு, நான் காத்திருந்தது நடந்தது. வளைவுக்கு அப்பால் ஐந்தாறு தலைகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தன. நீர்நாய்கள்! சிங்கப்பூரிலிருந்து ஒருகாலத்தில் காணாமல் போய், 1990களில் திரும்பி வந்தவை. இந்தப் பூங்காவுக்கு 2014இல் ஒரு ஜோடி வந்து குட்டி போட்டது. நம் காவிரியில் இருக்கும் அதே இனம்தான். ஒன்று என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் கரையேறியது. வாயில் உள்ளங்கை நீள மீன். முன்னங்கால்கள் இரண்டாலும் அதை நிமிர்த்திப் பிடித்துத் தலையிலிருந்து கடிக்கத் தொடங்கியது. முறுக்கு கடிப்பது போல எலும்பு நொறுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. வால்வரை தின்று முடித்து, புல்லில் இரண்டு புரள் புரண்டு முதுகைத் துடைத்துக்கொண்டு, மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டது. பின்னால் நின்ற பள்ளிச் சிறுமி அதுவரை மூச்சுகூட விடவில்லை.

நீங்கள் போனால் நீர்நாய்க்கு எதுவும் போடாதீர்கள், குட்டிகள் இருந்தால் நெருங்காதீர்கள். மேலே கறுத்துவிட்டால் ஆற்றங்கரையில் நிற்கவே வேண்டாம். நீர்மட்டத்தை உணரும் கருவிகள் வைத்திருக்கிறார்கள். விளக்கு சிமிட்டி, சங்கு ஊதினால் உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். புல்வெளி ஆறாக மாற அதிக நேரம் எடுக்காது.

விடைபெறும்போது அந்த அண்ணனிடம், சுவரை எடுத்ததும் வீட்டுக்குள் வெள்ளம் வரும் என்று பயப்படவில்லையா என்று கேட்டேன். "பயந்தோம் தம்பி. அகலத்தைப் பார்த்த பிறகுதான் பயம் போச்சு" என்றார்.

உங்கள் ஊர் ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு யாராவது வந்தால், சுவர் எவ்வளவு உயரம் என்று கேட்காதீர்கள். தண்ணீருக்கு எவ்வளவு அகலம் விடப்போகிறீர்கள் என்று கேளுங்கள்.

(தொடரும்)