ஏரியை மீட்கும் வேலை மலைச்சரிவில் தொடங்குகிறது

கேமரன் மலைக்கு ரிங்லெட் வழியாக ஏறுபவர்கள் சாலையோரத்தில் ஒரு பெரிய ஏரியைக் காணலாம். அதைப் பார்த்தபடி, ஆங்கிலேயரின் நாட்டுப்புற மாளிகை பாணியில் லேக்ஹவுஸ் விடுதி நிற்கிறது. மாளிகை, மரங்கள், கீழே நீர்ப்பரப்பு என அழகாக அமைந்த இந்த ஏரி இயற்கையானது அல்ல. மின்சாரம் தயாரிப்பதற்காக பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையால் உருவானது. தெலோம் ஆற்று நீரும் சுரங்கம் வழியாக இங்கு வந்து சேர்கிறது.

இங்கிலாந்தின் மாளிகைப் பூங்காக்களில் உள்ள பல ஏரிகளும் மனிதர் உருவாக்கியவைதான். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள பிளெனிம் அரண்மனைப் பூங்காவில், 1760-களில் லான்சலாட் பிரௌன் கிளைம் ஆற்றைத் தடுத்துப் பெரிய ஏரியை அமைத்தார். அந்தப் பூங்கா இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். ஆனால், ஏரியின் ஒரு பகுதியான குயீன் பூல் வண்டல் படிந்து மிகவும் ஆழம் குறைந்துபோனது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அண்மை ஆண்டுகளில் பெரிய அளவில் தூர்வார வேண்டியிருந்தது. பிளெனிமின் சிக்கலும் ரிங்லெட்டின் சிக்கலும் ஒன்றே. வேறுபாடு வேகத்தில்தான் இருக்கிறது. அங்கே இரண்டரை நூற்றாண்டில் நடந்தது இங்கே சில பத்தாண்டுகளிலேயே நடந்துவிட்டது.

வண்டல் ஏன் படிகிறது? வேகமாக ஓடும் நீர் மணலையும் களிமண்ணையும் சுமந்து வரும். ஏரிக்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது. சுமக்கும் வலுவும் குறைகிறது. கனமான மணல் நுழைவாயிலிலேயே படிந்து மேடாகிறது. நுண்ணிய களிமண் உள்ளே சென்று மெதுவாக அடியில் இறங்குகிறது. 60 லட்சம் கன மீட்டருக்கும் அதிகமான நீரைக் கொள்ளும்படி கட்டப்பட்ட ரிங்லெட் நீர்த்தேக்கத்தில், வண்டல் தேங்கவும் தனி இடம் விடப்பட்டிருந்தது. எதிர்பார்த்ததைவிட வேகமாக மண் வந்து சேர்ந்ததால் அந்தக் கணக்கு பொய்த்தது.

இதன் விளைவு ஏரியோடு நிற்பதில்லை. அணைக்குக் கீழே இருக்கிறது லெம்பா பெர்த்தாம். கனமழையின்போது ஆற்றில் வினாடிக்கு 100 கன மீட்டர் நீர் வருவதாக வைத்துக்கொள்வோம். ஏரியில் 10 லட்சம் கன மீட்டர் காலி இடம் இருந்தால், அந்த வெள்ளத்தை ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் அது தாங்கிக்கொள்ளும். அந்த இடத்தில் வண்டல் நிரம்பியிருந்தால் அந்த அவகாசம் கிடைக்காது. மதகுகளை முன்கூட்டியே திறக்க வேண்டியிருக்கும். 2013 அக்டோபர் 23 அதிகாலையில், கனமழைக்குப் பின் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது லெம்பா பெர்த்தாமில் வெள்ளம் புகுந்தது. உயிர்கள் பறிபோயின, ஆற்றோர வீடுகள் பல சேதமடைந்தன.

இந்த மண் எங்கிருந்து வருகிறது? காட்டில் மரக்கிளைகளும் சருகும் மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்கின்றன. வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியதுபோல், காட்டை அழித்துத்தான் தேயிலை வந்தது. ஆனாலும், நன்கு வளர்ந்த தேயிலைச் செடிகள் ஒன்றோடொன்று நெருங்கித் தரையைப் போர்வைபோல் மூடிவிடும். இளங்கன்று நடும்போதும் கவ்வாத்து வெட்டிய பின்னும்தான் மண் வெளியே தெரியும். அப்போது வெட்டிய கிளைகளைத் தரையிலேயே பரப்பிவிடுவது நல்ல காப்பு.

காய்கறி நிலத்தின் கதை வேறு. ஒவ்வொரு அறுவடைக்குப் பின்னும் மண் கிளறப்படுகிறது. பிளாஸ்டிக் கூரைக்குள் பயிரிட்டால் மழைத்துளி மண்ணைத் தாக்காது. ஆனால், கூரையில் விழும் மழை நிலத்துக்குள் இறங்காமல் மொத்தமாக வழிந்து, வாய்க்காலை அரித்தபடி ஆற்றை அடைகிறது. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மண் மட்டும் அரிக்கப்பட்டாலும் அது 10 கன மீட்டர், அதாவது ஒரு பெரிய லாரிச் சுமை. மலையெங்கும் எத்தனை ஹெக்டேர்!

ஆகவே தூர்வாருவது தேவைதான்; அது மட்டும் போதாது. அள்ளிய வண்டலை ஏரிக்கு மேலே உள்ள சரிவில் கொட்டினால் அடுத்த மழையில் அது திரும்பி வந்துவிடும். அதை அரிப்புக்கு எட்டாத சமதளத்தில் சேர்க்க வேண்டும். ஓடைகளில் மண்பிடி குட்டைகள் அமைத்து அவ்வப்போது அள்ள வேண்டும். ஆற்றின் இரு கரையிலும் புல்லும் மரமும் கொண்ட பட்டையைத் தொடாமல் விட வேண்டும். செங்குத்துச் சரிவுகளைப் படிக்கட்டு வயல்களாக்கி, கூரை நீரைத் தொட்டிகளில் சேமிக்க வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவை ஏரிக்கரையில் நின்று பார்த்தால் கண்ணில் படாத வேலைகள். மேலே உள்ள தோட்டத்தில் ஒரு வாய்க்காலைச் சீராக்குவது, கீழே லெம்பா பெர்த்தாமில் உறங்கும் குடும்பத்துக்கு வெள்ள இரவில் இன்னும் சில நிமிடங்களைச் சேர்த்துத் தருகிறது.