குளிர்ச்சி அங்கே, சாயங்காலம் இங்கே

பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டால், சென்னைக் குடும்பங்களில் முதலில் எழுகிற பேச்சு வெயிலைப் பற்றித்தான். “இங்கே ஃபேனே வேண்டாம்” என்று ஏற்கெனவே போய்க் குடியேறிய சித்தி பையன் ஃபோனில் சொல்லியிருப்பான். அதில் பொய்யில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. கோடையில் சென்னை 40 டிகிரியைத் தொடும் நாட்களில் அங்கே பெரும்பாலும் 33, 34தான். 2016 ஏப்ரலில் 39 டிகிரியையும், 2024 ஏப்ரலில் 38 டிகிரியையும் தாண்டியபோது அந்த ஊரே ஆடிப்போனது. ஆனாலும் இரண்டு கோடை மழை பெய்துவிட்டால் ராத்திரியில் போர்வை தேட வேண்டியிருக்கும். வானிலையை மட்டும் வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை.

நான் கேட்பது வேறு. அந்தக் குளிர்ச்சியை அனுபவிக்க எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறீர்கள்?

பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பில் ஒரு வார நாள் மாலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். மேம்பாலத்தின் கீழே பஸ்ஸும் காரும் அசையாமல் நிற்கும். இடுக்குகளில் ஸ்கூட்டர்கள் நுழையும். யூனிஃபார்மைக்கூட மாற்றாத பிள்ளை அம்மாவின் முதுகில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். ஐ.டி. வளாகங்கள் வெளிவட்டச் சாலை நெடுக முளைத்துவிட்டன. ரயில் பின்னால் வந்தது. ஒயிட்ஃபீல்டிலிருந்து நகரைக் கடந்து போகும் ஊதா நிற மெட்ரோ பாதை 2023 அக்டோபரில்தான் முழுமை பெற்றது. புறநகர் ரயில் திட்டம் இன்னும் கட்டுமானத்தில்.

சென்னையிலும் நெரிசல் உண்டு. மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணி தொடங்கியதிலிருந்து ஓ.எம்.ஆர். போகிறவர்கள் படும் பாட்டை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இங்கே பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. பறக்கும் ரயிலும் இருக்கிறது. சாலை அடைபட்டால் பல இடங்களுக்கு மாற்று வழி உண்டு, அதுவும் பத்து ரூபாய்க்குள்.

அதைவிட முக்கியம், வந்து சேர்ந்த பிறகு மிஞ்சுகிற அந்த ஒன்றிரண்டு மணி நேரம். சென்னை வெயிலைத் திட்டுகிறவர்கள் கடற்காற்றை மறந்துவிடுகிறார்கள். பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. மேலே எழும் சூடான காற்றின் இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வந்து சேர்கிறது. கோடையில் மேற்குக் காற்று வலுத்து நிற்கும் நாட்களில் இது தாமதமாகும். அன்றைக்குத்தான் ஊர் கொதிக்கும். 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரி தொட்டது. மற்ற நாட்களில் அந்தக் காற்று ஏமாற்றுவதில்லை. பெசன்ட் நகரில் மாலை ஆறு மணிக்குப் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஆபீஸ் பையோடு நிற்கும் அப்பாக்களைப் பார்க்கலாம். பக்கத்தில் ஈர மணலைத் தோண்டும் பிள்ளைகள், பஜ்ஜிக் கடைப் புகை, சுண்டல்காரர். கட்டணம் இல்லை, கேட் இல்லை. அலையில் மட்டும் பிள்ளைகளை இறங்க விடக் கூடாது. அங்கே நீரோட்டம் ஆபத்தானது.

பெங்களூரில் வெளியே போக இடமில்லை என்று சொல்லவில்லை. ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் சுமார் 240 ஏக்கர். கப்பன் பூங்கா இருக்கிறது. ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் நந்தி மலை. ராமநகரத்தில் பாறை ஏறலாம். சென்னையைச் சுற்றி இப்படி மலைகள் அதிகம் கிடையாது. ஆனால் நகரின் ஓரத்தில் குடியிருக்கிற குடும்பத்துக்கு அவை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். நந்தி மலைக்கு விடியற்காலையிலேயே வாகன வரிசை நிற்கிறது. ஒரு பிள்ளை வளர்வதற்கு ஞாயிறு போதாது, தினமும் சாயங்காலம் வேண்டும்.

எனக்கு இதுதான் பெரிய கவலை. பெங்களூரின் சர்ஜாபூர் சாலையிலும் சரி, சென்னையின் நாவலூர், சிறுசேரியிலும் சரி, அடுக்குமாடிகளில் வளரும் பிள்ளைகளுக்குத் தெரு என்ற ஒன்றே தெரியாமல் போகிறது. கிரிக்கெட் ஆட மணிக்கணக்கில் வாடகை கொடுத்து டர்ஃப் பிடிக்க வேண்டும். அங்கே போகவும் கார் வேண்டும், கொண்டுவிட அப்பாவோ அம்மாவோ வேண்டும். அவர்களோ சிக்னலில் நிற்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை தானாக நடந்து போய் ஆடிவிட்டு வரும் இடம் ஒன்றுகூட இல்லாத குடியிருப்புக்கு, வாழ்நாள் முழுக்க அடைக்க வேண்டிய கடனை வாங்குகிறோம்.

திறந்தவெளி எங்கே போனது என்றால், இரண்டு ஊர்களும் ஏரிகளின் மேல் ஏறி வளர்ந்தவை. பெங்களூரின் மெஜஸ்டிக் பஸ் நிலையம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா மைதானம் சம்பங்கி ஏரி. நம் தி.நகரும் ஏரி மண்தான். இனி புதைக்கவும் அதிகம் மிச்சமில்லை. சர்ஜாபூர் சாலையில் கைக்கொண்டரஹள்ளி ஏரியை அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் விடாப்பிடியாக நின்று மீட்டெடுத்தார்கள். கரையில் நடைபாதை, தண்ணீரில் கொக்கும் நாரையும். அந்தக் கரையோரம் வீடு கிடைத்தால், நான் இதுவரை சொன்னதையெல்லாம் மறந்துவிட்டுப் பெங்களூருக்கே போகலாம்.

சம்பளமும் வேலை வாய்ப்பும் அங்கேதான் அதிகம் என்பார்கள். இருக்கலாம். தண்ணீரைச் சொல்லி இரண்டில் ஒன்றை ஒதுக்கவும் முடியாது. 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் பார்த்தோம், 2024-ல் அவர்கள் லாரிக்குக் காத்து நின்றார்கள்.

வீடு பார்க்க ஞாயிறு காலையில் போகாதீர்கள். அப்போது எல்லாச் சாலையும் காலியாக, எல்லா ஊரும் அழகாக இருக்கும். புதன்கிழமை சாயங்காலம் அலுவலக வாசலிலிருந்து கிளம்பி அந்த வீட்டுக்குப் போங்கள். எவ்வளவு நேரமானது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே பத்து நிமிடம் நடந்து பாருங்கள். நடைபாதை இருக்கிறதா, ஒரு மைதானமோ ஏரிக்கரையோ கடற்கரையோ வருகிறதா? இல்லையென்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அது சோழிங்கநல்லூராக இருந்தாலும் சரி, ஒயிட்ஃபீல்டாக இருந்தாலும் சரி.